வால்வு ஒழுகும் நாயும் உப்பில்லாக் கஞ்சியும்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்தெட்டு வயதுக்குள் உப்பளம், ரப்பர் தோட்டம், செங்கல் சூளை, பஸ் கிளீனர் என்று ஏழெட்டு வேலை பார்த்துவிட்டேன். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது கால் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். குளச்சலில் மீன் எடுத்து சைக்கிளில் தக்கலைப் பக்கம் கொண்டுபோய் விற்கிற தொழிலுக்கு வந்தது, எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன்பு. தினமும் ஓரிடத்தை விட்டுக் கிளம்பலாம் என்பதே அந்தத் தொழிலில் எனக்குப் பிடித்திருந்தது.

நாய் எனக்குக் கடற்கரையில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு நாள் ஏலத்தில் எடுத்த சாளையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது பெட்டியிலிருந்து ஒரு மீன் விழுந்தது. தவிட்டு நிறத்தில் ஒரு நாய் அதை எடுத்துத் தின்றுவிட்டு, இரண்டாவது மீன் எப்போது விழும் என்று பார்த்தபடி தக்கலை வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தது. மீன் விழவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் சைக்கிளின் பக்கத்தில் நின்றது.

அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. 'ஏலே' என்பேன், வரும். தக்கலைப் பக்கம் நான் மீன் விற்கும் தெருவில் வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எல்லாப் பெயருக்கும் அது வாலாட்டியது.

தொழிலில் அது என்னைவிடக் கெட்டிக்காரன். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு முன்னால் ஓடிப்போய் வீட்டு வாசல்களில் நின்று குரைக்கும். பெண்கள் சட்டியோடு வெளியே வந்துவிடுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. நாய் குரைத்தால் மீன் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வேலைக்குக் கூலியாக ஒவ்வொரு வாசலிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அதற்குக் கஞ்சி இருக்கும். சில வீட்டில் மரச்சீனிக் கிழங்கு, சில வீட்டில் கருவாட்டுத் தலை. மத்தியானத்துக்குள் அது முப்பது வீட்டில் சாப்பிட்டிருக்கும். நான் ஒரு வீட்டிலும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

இப்படியே ஒரு வருடம் தாண்டி இரண்டாவது வருடமும் ஓடிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

பிறகு நாய்க்கு இருமல் வந்தது. விடியற்காலையில் முள் சிக்கியதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு இருமும். மீன்முள் என்றுதான் நினைத்தேன். தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முள் இல்லை, விரலில்தான் கடி விழுந்தது. கொஞ்ச நாளில் ஓட்டம் குறைந்தது. வயிறு மட்டும் குடம்போல் வந்தது. தெரு முனையில் சாயாக்கடை வைத்திருந்தவர், "பூச்சியாக்கும். வேப்பெண்ண குடு" என்றார். கொடுத்தேன். பூச்சி வரவில்லை. நாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு நாள் தக்கலைக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில், ஓடி வந்துகொண்டிருந்த நாய் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நாலு காலும் விறைத்துவிட்டன. செத்துவிட்டது என்றே நினைத்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். சைக்கிள் சரிந்து மீன் முழுவதும் ரோட்டில் கொட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்த சற்று நேரத்தில் நாய் எழுந்து, உடம்பை உதறி, ரோட்டில் கிடந்த மீனைப் பார்த்து, என்னையும் பார்த்தது. இப்படியா சைக்கிள் ஓட்டுவது என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் பசுக்களும் எருமைகளும் ஒரு கிடா ஆடும் நின்றன. நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"பேய்ப்பட்டியா?" என்று கேட்டுவிட்டு சேவகர் இரண்டடி தள்ளி நின்றார். எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்றும், வெறிநாயைப் பேய்ப்பட்டி என்றும் சொல்வோம்.

"இல்ல அண்ணே, மயக்கம்."

"பட்டிக்கு மயக்கமா? ஒனக்கு அதவிடப் பெரிய மயக்கம் இருக்கும்போல இருக்கே!" கிடா ஆட்டைப் பிடித்திருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டர் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயிருந்து வந்தவர். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். அவர் சிரிக்கவில்லை. நாயை மேசைமேல் நிறுத்தி, குழாயை அதன் நெஞ்சில் வைத்து, நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் சேவகர் ஏதோ சொல்ல வர, கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு குழாயைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

"கேளு. எந்து கேக்குந்நு?"

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 'டப்' என்றது. அதன் பின்னாலேயே 'உஸ்' என்றது. டப், உஸ். டப், உஸ்.

"காத்து போற மாதிரி இருக்கு சார்."

"நினக்கு சைக்கிள் உண்டல்லே? அதின் ட்யூப்பில் வால்வு உண்டு. காத்து உள்ளே போகும், திரிச்சு வராது. ஹ்ருதயத்திலும் அதுபோல ஒரு வால்வு. இதுக்கு அது லீக்கு."

நான் சைக்கிளில் பிழைக்கிறவன். வால்வு ஒழுகினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டென்று விளங்கிவிட்டது. அதனால்தான் சட்டென்று கேட்டும்விட்டேன்:

"அப்போ அந்த ரப்பர் வால்ட்யூப்ப மாத்திருங்க சார்."

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் விவரமாகச் சொன்னார். மாற்ற முடியாது. ஓடக் கூடாது. ஏற்றம் ஏறக் கூடாது. உப்பு ஒரு துளிகூடக் கூடாது. உப்பு தின்றால் உடம்பில் நீர் தேங்கும், தேங்கிய நீரை இறைக்க அந்த நெஞ்சுக்குச் சக்தி இல்லை, வயிறு வீங்கியிருப்பது அதனால்தான். சிறிய வெள்ளை மாத்திரை தருகிறேன், தினமும் அரை கொடு என்றார்.

"எவ்வளவு நாள் சார் இருக்கும்?"

"ஆறு மாசம். நல்லா நோக்கினா ஒரு வருஷம்." குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார், "பட்டிக்கு நீ எந்தா கொடுக்கும்?"

கருவாடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாத்திரையைக் கொடுப்பது பெரிய பாடாக இல்லை. சாளையின் வயிற்றில் வைத்தால் அது கேள்வி கேட்காமல் விழுங்கிவிடும். ஓட்டத்தை நிறுத்துவதுதான் பாடு. முதல் நாள் நான் தங்கியிருந்த கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு பர்லாங் போவதற்குள் ஊளைச் சத்தம் எட்டியது. திரும்பிப் போய்ப் பார்த்தால் கயிற்றை இழுத்து இழுத்து, நாக்கு நீலமாகிக் கிடந்தது. ஓடியிருந்தால்கூட இவ்வளவு இரைத்திருக்காது. விட்டுவிட்டுப் போனால் அது ஓட்டத்தைவிட மோசம் என்று தெரிந்தது.

ஆகவே அதையும் ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். மீன் பெட்டி பின்னால். ஹேண்டில்பாரின் முன்னால் அகலமான ஓலைப் பெட்டி ஒன்றைக் கம்பி வைத்துக் கட்டி, அடியில் பலகை போட்டு, சாக்கை மடித்து விரித்தேன். கடற்கரையில் வைத்து நாயைத் தூக்கி உட்கார வைத்தேன். குதித்தது. திரும்ப வைத்தேன். திரும்பக் குதித்தது. மீன் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏலே, பட்டிக்குப் பல்லக்கா?"

"பொண்ணு கெடச்சிற்றா மக்கா? மாப்பிள்ள ஊர்வலம் எப்போ?"

"அவனுக்குக் கெடைக்கல. பட்டிக்குக் கெடச்சிருக்காக்கும்!"

பதினைந்தாவது தடவையோ என்னவோ, எனக்கும் வெறுத்துப்போய் நாயைப் பின்பக்கம் பார்க்க வைத்திருந்ததை மாற்றி முன்பக்கம் பார்க்க வைத்தேன். உடனே அடங்கி உட்கார்ந்துவிட்டது. அதன் கோபம் பெட்டியின்மேல் இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்ததில்தான். முதல் வளைவு வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரைத்தது. வீடுகளிலிருந்து சட்டிகள் வந்தன. என் சைக்கிளுக்கு ஹார்ன் பொருத்தியாகிவிட்டது.

ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். பின்னால் மீன், முன்னால் நாய். பஸ்சில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். நாய் அவர்களைப் பார்த்துக் குரைக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுவேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு நெஞ்சு தீனம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மிச்சம் இருந்தது உப்பு. இங்கேதான் பெரிய வில்லங்கம் வந்தது. வீட்டுக்கு வீடு சிரட்டை இருக்கிறது. முப்பது வீட்டுக் கஞ்சியிலும் உப்பு இருக்கிறது. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாய்க்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உப்பில்லாம இருந்தா குடுங்க, இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு போனேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் என்னமோ காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் உப்பில்லாப் பத்தியம் ஒரே ஒரு தீனத்துக்குத்தான். மஞ்சள் காமாலை. வைத்தியர் உப்பை நிறுத்து என்றால் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், காமாலை. கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலக்கிக் குடித்து, உப்பில்லாமல் சோறு தின்றுகொண்டு கிடப்பார்கள். நான் முதல் வீட்டில் சொன்னது என் சைக்கிளைவிட வேகமாகத் தெருக்கோடிக்குப் போய்விட்டது.

உபதேசியார் வீட்டு அக்காதான் அதைக் கொண்டுபோனது. அவள் வீட்டுக்காரர் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் சொல்வது சர்ச்சோடு நின்றுவிடும். அக்கா கிணற்றடியில் சொல்வது பக்கத்து ஊரிலும் கேட்கும். நல்ல மனுஷி. நாயின்மேல் உயிர்.

மறுநாள் போனபோது அவள் ஒரு கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். கிண்ணத்தில் பச்சையாக ஏதோ இருந்தது.

"என்னதுக்கா இது?"

"கீழாநெல்லி. வெறும் வயித்துல குடுக்கணும். ஏழு நாள்."

"அக்கா, இதுக்கு நெஞ்சுலயாக்கும் தீனம். காமாலை இல்ல."

"நீ சும்மா இரு. நெஞ்சுல தீனம்னா நெஞ்சுக்கு மருந்து குடுப்பாவ. உப்ப என்னத்துக்கு நிறுத்துதாவ? அந்த ஆளு மலையாளத்துல சொல்லியிருப்பாரு, ஒனக்கு வெளங்கியிருக்காது."

நாய் பாலின் வாசனைக்காக அதைக் குடித்துவிட்டது. அடுத்த வீட்டிலும் அதே கிண்ணம். மூன்றாவது வீட்டிலும். மூன்று வீட்டில் பச்சையாகக் குடித்த நாய் நாலாவது வீட்டு வாசலில் பச்சையாகக் கக்கியது. கக்கியதை அந்த வீட்டுக்காரி குனிந்து பார்த்துவிட்டு, "பித்தம் எறங்குது, கேட்டியா?" என்று திருப்தியாகச் சொன்னாள்.

நாய்க்கு இவ்வளவு கவனிப்பு. ஆனால் மீன் வாங்க யாரும் சட்டி கொண்டுவரவில்லை. காமாலை நாய் உட்கார்ந்து வருகிற சைக்கிளில் கொண்டுவந்த மீனைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்கு ஒரு பயம். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "இன்னைக்குப் பயறு வெச்சாச்சு", "இன்னைக்கு அவியல்" என்றார்கள். அந்த வாரம் தெரு முழுவதும் அவியல் தின்றது. நான் விற்காத சாளையைக் கொட்டகை முன்னால் காயப் போட்டேன். நாயோ மூன்று நாளாகக் கீழாநெல்லியைக் கக்கிக் கக்கி, மாத்திரையையும் சேர்த்துக் கக்கிவிட்டது. இருமல் திரும்பியது.

எனக்கு அப்போது பயம் வந்தது. தொழில் போனால் வேறு தொழில். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் எங்கே போவேன், இந்த நாயைத் தூக்கிக்கொண்டு? ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏறி இறங்குகிற நெஞ்சு இல்லை அதற்கு. சைக்கிளில் உட்கார்ந்து போகிற இந்த ஒரு பிழைப்பில்தான் அது உயிரோடு இருக்க முடியும். இந்தத் தெரு எங்களுக்கு வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் நிற்பதற்காக நான் சண்டை போட வேண்டியிருந்தது.

சாயாக்கடையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் அய்யாவழிக்காரர். நிதானமான ஆள். சாயாவை இரண்டு தடவை ஆற்றிவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு என்னத்துக்குவே வெப்ராளம்? காமாலையா இல்லியான்னு பாக்க வழியா இல்ல? சோத்துப் பருக்க போட்டுப் பாத்தா தெரிஞ்சிராதா?"

அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை. நோயாளியின் மூத்திரத்தில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைப்பார்கள். பருக்கை மஞ்சளாக மாறினால் காமாலை. வெள்ளையாகவே இருந்தால் இல்லை. டாக்டர் சீட்டு எழுதித் தந்தால்கூட ஒப்புக்கொள்ளாதவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

"ஆனா இது நாயில்லியா அண்ணே?"

"நாயி மூத்திரம் பெய்யாதா?"

பெய்யும். ஆனால் பிடிக்க வேண்டுமே. அந்த நாய்க்கு ரோட்டோரத்து மைல்கல் ஒன்றின்மேல் தனிப் பாசம். நான் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு மைல்கல்லின் பக்கத்தில் குந்தினேன். நாய் வந்தது, கல்லை முகர்ந்தது, என்னையும் சிரட்டையையும் பார்த்தது, நடையைக் கட்டிவிட்டது. இப்படி மூன்று முறை. அதற்குள் செய்தி பரவி உபதேசியார் வீட்டு அக்கா வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி.

"நீ மொகத்துக்கு நேரா இருந்தா அதுக்கு நாணம் வராதா? திரும்பி இரி."

திரும்பி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் நீட்டினேன். அந்த வழியாக ஒரு பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனார். பஸ் போனதும் கையில் சூடாகப் பட்டது. பாதி சிரட்டையில், பாதி என் முழங்கையில்.

"கிட்டியாச்சு! கிட்டியாச்சு!" என்று கைதட்டினார்கள். ஒரு கல்யாண வீட்டில்கூட நான் அப்படிக் கைதட்டு வாங்கியதில்லை.

சாயாக்கடையின் முன்னால் பெஞ்சில் சிரட்டையை வைத்தோம். அக்கா தன் வீட்டுச் சோற்றையே கொண்டுவந்திருந்தாள், வேறு வீட்டுச் சோற்றை நம்ப மாட்டாள். நாலு பருக்கை போட்டாள். ஒரு சாயா குடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். அந்த ஒரு சாயாவை எல்லாருக்குமே ஊற்றினார். அவருக்கு அன்று நல்ல வியாபாரம்.

நாய் பெஞ்சின் கீழே படுத்து இரைத்துக்கொண்டிருந்தது. நான் சாயாவைக் குடிக்கவில்லை.

ஒருவர் எட்டிப் பார்த்து, "இச்சிரி மஞ்சளா இருக்கே" என்றார்.

"மூத்திரம் பின்ன நீலமாவா இருக்கும்?" என்றார் கடைக்காரர். "பருக்கையப் பாருவே."

அக்கா எல்லாரையும் விலக்கினாள். ஒரு ஈர்க்குச்சியால் பருக்கையை எடுத்து, கழுவி, உள்ளங்கையில் வைத்து வெயிலில் நீட்டிப் பார்த்தாள். காமாலை என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள். மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நெடுநேரம் பார்த்தாள்.

"வெள்ள," என்றாள். "பச்ச வெள்ள."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ உப்பு வேண்டாம்னு என்னத்துக்குலே சொன்னாரு? ஒள்ளதச் சொல்லு."

இப்போது கேட்கத் தயாராக இருந்தார்கள். நான் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, முன்சக்கரத்து வால்வின் நட்டை இளக்கினேன். டாக்டர் எனக்குக் காட்டிய 'உஸ்' வந்தது. ஒவ்வொருவராக வந்து சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டார்கள். பிறகு குனிந்து நாயின் நெஞ்சிலும் காதை வைத்தார்கள். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வாலாட்டியது. அக்காவும் முழங்காலிட்டுக் காதை வைத்தாள். எழுந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"கருவாடு தின்னா தாகம் எடுக்கும். தாகம் எடுத்தா வெள்ளம் குடிக்கும். குடிச்ச வெள்ளத்த இந்த ஒழுகுத வால்வு எப்பிடி எறைக்கும்?" என்று எனக்குப் பதிலாக அவளே சொன்னாள். அன்று சாயங்காலம் கிணற்றடியில் அதையே அவள் இன்னும் விளக்கமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. கஞ்சியில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு அகப்பை எடுத்துச் சிரட்டையில் ஊற்றிவிட்டுத்தான் பிறகு உப்பைப் போடுவார்கள். மறந்துபோய் உப்புப் போட்டுவிட்டால், "இன்னைக்கு இல்ல மக்கா, கை தவறிப் போச்சு" என்று நாயிடமே சொல்வார்கள். மீனும் பழையபடி விற்றது. ஒரே தொந்தரவு, தங்கள் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்கிறவர்கள் எல்லாரும் என்னை நிறுத்த ஆரம்பித்தார்கள். சாயாக்கடைக்காரரே ஒரு நாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "எனக்க வால்வையும் ஒருவாட்டி கேட்டுப் பாரேன். ராத்திரி ஒரு மாதிரி இருக்கு." கேட்டேன். நன்றாக அடித்தது. சாயா இலவசம் என்றார்.

அதுவரை மாத்திரையை மட்டும் சேவகரிடம் வாங்கிவந்தவன், ஒரு வருடம் முடிந்ததும் நாயை டாக்டரிடம் காட்டப் போனேன். அவர் மறந்திருக்கவில்லை. குழாயை வைத்துக் கேட்டார்.

"லீக்கு உண்டு. ஆனா வண்டி ஓடுந்நு." வயிற்றைத் தடவிப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது. "எந்தா செய்தது நீ?"

"ஒண்ணும் செய்யல சார். தெருவுல முப்பது வீட்டுல உப்பில்லாம கஞ்சி குடுக்காவ."

அவர் சேவகரைக் கூப்பிட்டு இதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மைல்கல் கதையையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து, மறுபடியும் கண்ணாடியைக் கழற்ற வேண்டிவந்தது அவருக்கு.

நாய் பெட்டியிலேயே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் பொய். கடற்கரையில் கரைமடி வலை இழுக்கும்போது காக்கைகள் கூட்டமாக இறங்கும். வாரத்தில் ஒரு நாளாவது, நான் ஏலத்தில் நிற்கிற சமயம் பார்த்துக் குதித்து, காக்கைகளை நோக்கி மணலில் ஓடும். "ஏலே, வால்வு ஓடுது! பிடிலே!" என்று வலைக்காரர்கள் கத்துவார்கள். முதல் தடவை பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அது மணலில் படுத்து, நாக்கு வெளியே தொங்க, கண் மின்னக் கிடந்தது. நெஞ்சில் கையை வைத்தேன். குதித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அடங்கியது. அன்று அதைத் திட்டவும் தோன்றவில்லை. பிறகு டாக்டரிடம் ஒப்புக்கொண்டபோது, "நீ பின்னாலே ஓடாதே. நீ ஓடினா அது கூடுதல் ஓடும்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது பத்துப் பதினைந்து கஜம் ஓடி, காக்கைகள் எழுந்ததும் தானாகவே திரும்பி வந்துவிடும். ஆறு மாதம் என்று சொல்லப்பட்ட நாய்க்கு அந்தப் பத்துப் பதினைந்து கஜத்தை நான் மறுக்க முடியவில்லை.

டாக்டர் முதலில் பார்த்ததிலிருந்து இரண்டரை வருடம் இருந்தது. ஒரு மழைக்காலத்துக் காலை. முதல் இரண்டு வளைவில் குரைத்தது. ஏற்றம் ஏறி, இறக்கத்தில் சைக்கிள் தானாக உருளும்போது காதுகள் காற்றில் பின்னால் மடிந்திருந்ததைப் பார்த்தேன். தெருமுனை வந்ததும் குரைக்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். சாயாக்கடையில் இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உட்கார்ந்தபடியே, தலையைப் பெட்டியின் விளிம்பில் வைத்திருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

கடைக்காரர் மண்வெட்டியை எடுத்துவந்தார். கடையின் பின்னால் இரண்டு பேருமாகக் குழி வெட்டினோம். மழையில் மண் லேசாக வெட்ட வந்தது. கையைக் கழுவினேன். பெட்டியில் அயிலை இருந்தது. மீன் யாருக்காகவும் காத்திருக்காது. கிளம்பினேன்.

ஹார்ன் இல்லாததால் ஒருவரும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் முதலில் முன்பெட்டியைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். முதல் வீட்டில் கையை மட்டும்தான் ஆட்டினேன். உபதேசியார் வீட்டு அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எப்பிடிப் போச்சு? இரைச்சுதா?" என்று கேட்டாள். "இல்லக்கா. இறக்கத்துல. காத்து வாங்கிட்டே போயிற்று" என்றேன். "அது போதும்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டியை எடுத்துவந்தாள். பதினைந்தாவது வீட்டில் முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தது. இருபதாவது வீட்டில் மைல்கல் சங்கதியை அந்த வீட்டுக்காரியே எடுத்து, நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கேட்டுவிட்டுச் சும்மா உள்ளே போக யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. எல்லாரும் வாங்கினார்கள். கடைசி வீட்டுக்கு வரும்போது பெட்டியில் நாலே நாலு அயிலை கிடந்தது. அது மீன் தின்னாத வீடு. சுத்த சைவம். கஞ்சி மட்டும் தவறாமல் வைப்பார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து, நான் சொன்னதைக் கேட்டார். பிறகு, "மிச்சம் இருக்கா?" என்றார்.

நாலு மீனையும் தேக்கிலையில் பொதிந்து கொடுத்தேன். உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பூனை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.